மரப்பெட்டிக்குள் கணினி: சூட்டைவிட ஈரம்தான் தொல்லை

1950களில் வந்த மேஜை வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்கு முந்திய, கண்ணாடிக் குழல்களால் ஓடியது) நாற்பது, ஐம்பது வாட் மின்சாரம் தின்னும். அதில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே போகும். அவ்வளவு சூட்டையும் பல வருஷம் சுமந்தது மரப்பெட்டிதான். கெட்டுப்போன பழைய பெட்டிகளைப் பார்த்தால் மரம் கருகியிருக்காது. வால்வுகளுக்கு நேர் மேலே வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள், வெடித்து, ஓரம் சுருண்டு எழும்பியிருக்கும். மரத்தில் கணினிப் பெட்டி செய்ய நினைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது அந்தச் சுருளைத்தான்.

கணினிக்கும் மரத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1976இல் வந்த ஆப்பிள்-1 வெறும் பலகையாக விற்கப்பட்டது. பெட்டி வாங்கியவர் பாடு. அதனால் மரப்பெட்டிக்குள் உட்கார்ந்த ஆப்பிள்-1கள் உண்டு. அதே ஆண்டு வெளிவந்த சோல்-20 கணினியின் இரு பக்கமும் வால்நட் மரம். மறு வருஷம் வந்த அடாரி விளையாட்டுப் பெட்டியின் முகப்பில் மரம் போலத் தெரிவது அச்சடித்த ஒப்பனைதான். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இங்கே எடுத்துக்கொள்வது வால்வு ரேடியோ வடிவம்: 360 மி.மீ. அகலம், 250 உயரம், 260 ஆழம், மேல் மூலைகள் இரண்டும் வளைவு. உள்ளே 170 × 170 மி.மீ. மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு, 125 × 63.5 × 100 மி.மீ. எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளை, முன்பக்கம் ஒரு 120 மி.மீ. ஃபேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அது வந்தால் சூடும் அளவும் வேறு கணக்கு. ரேடியோ உருவமும் கெட்டுவிடும்.

'மரம் சூட்டைப் பிடித்து வைக்காதா?' என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். தேக்கின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.16, அலுமினியத்துக்கு 200க்கு மேல். ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம் என்றதும் பயம் வருவது இயல்பு. ஆனால் சூடு சுவரைத் தாண்ட வேண்டுமானால் முதலில் உள்பக்கக் காற்றிலிருந்து சுவருக்கு ஏற வேண்டும், பிறகு சுவரிலிருந்து வெளிக்காற்றுக்கு இறங்க வேண்டும். சுவரை ஒட்டி இரு பக்கமும் நிற்கும் அசையாத காற்றுப்படலம்தான் பெரிய தடை. இந்த அளவுப் பெட்டியின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய அரை சதுர மீட்டர். உள்ளே வெளியைவிட 10 டிகிரி கூடுதல் என்று வைத்துக்கொண்டால், 12 மி.மீ. மரச் சுவர் வழியே போவது சுமார் 15 வாட். அதே அளவு பெயின்ட் அடித்த உலோகப் பெட்டியில் 20 வாட். ஆயிரம் மடங்கு வித்தியாசம் கடைசியில் 5 வாட்டில் வந்து நிற்கிறது.

கணினி வெளியேற்றுவதோ முழு வேலையில் 120 வாட். ஆக, மரமோ தகரமோ, சூட்டைத் தூக்கிக்கொண்டு போவது காற்றுதான். 120 வாட்டை 10 டிகிரி ஏற்றத்துக்குள் வெளியேற்ற வினாடிக்கு 10 லிட்டர் காற்று ஓட வேண்டும். ஃபேன் அட்டையில் போடும் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 21 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 21 கன அடி. நல்ல 120 மி.மீ. ஃபேன் திறந்த வெளியில் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தள்ளும். கிரில், வயர், குறுகலான வழி எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்றாலும் மீதி போதும். காற்று நுழையவும் வெளியேறவும் தாராளமாக வழி விட்டால் சூட்டுப் பிரச்சினை அத்தோடு முடிந்தது.

அடுத்தது ஈரம். மரம் காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்பத் தண்ணீரை இழுக்கும், விடும். 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் வைத்த பலகையில் ஏறக்குறைய 13 சதவீதம் நீர் தங்கும். இப்போது கணினியை ஓட்டுங்கள். அதே காற்று பெட்டிக்குள் 40 டிகிரிக்குச் சூடாகிறது. அதில் உள்ள நீராவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் சூடான காற்று இன்னும் அதிக நீரைத் தாங்கும் என்பதால் ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குச் சரிந்துவிடும். அந்தக் காற்றில் நிற்கும் மரம் ஏழரை சதவீத நீரோடுதான் அமைதியாகும். ஒரே பலகையின் வெளிமுகம் 13ஐப் பிடித்துக்கொண்டிருக்க, உள்முகம் ஏழரையை நோக்கிக் காய்கிறது. உள்முகம் சுருங்குகிறது, வெளிமுகம் சுருங்க மறுக்கிறது. பலகை உள்பக்கமாகக் குழிந்து வளைகிறது. ரேடியோவின் மேல்பலகையில் நடந்ததும் இதுதான். வால்வுக்கு மேலே இன்னும் கடுமையாக நடந்தது, அவ்வளவே.

எவ்வளவு சுருங்கும் என்பதையும் பார்த்துவிடலாம். ஈரத்தில் நிலையாக நிற்பதற்குப் பேர்போன தேக்கே, நீர் ஒரு சதவீதம் குறைந்தால் ரேகைக்கு, அதாவது மரத்தின் நார் ஓடும் திசைக்கு, குறுக்கே 0.19 சதவீதம் வரை சுருங்கும். 260 மி.மீ. அகலப் பலகையில் நான்கு சதவீதம் நீர் ஏறி இறங்கினால் ஏறக்குறைய 2 மி.மீ. நாற்காலிக்கு இது ஒன்றுமில்லை. மதர்போர்டு ஸ்க்ரூவை நேராக மரத்தில் முடுக்கியிருந்தால் அந்த 2 மி.மீ. போர்டைத்தான் இழுக்கும். ரேகை ஓடும் திசையில் மரம் அநேகமாக அசையவே அசையாது.

அதனால்தான் இந்த வேலைக்குத் திண்மரத்தைவிட 12 மி.மீ. பிளைவுட்மேல் வெனீர் ஒட்டுவது நல்லது. பிளைவுட்டில் தாள்கள் மாறி மாறிக் குறுக்கே கிடப்பதால் ஒன்று சுருங்க நினைத்தாலும் அடுத்தது விடாது. 'அசல் தேக்கு' என்ற பெருமைக்காகத் திண்பலகை போடுவது வீண் செலவு, வீண் தலைவலி. பழைய ரேடியோக் கம்பெனிகளே பிளைவுட் வெனீரைத்தான் நம்பின. திண்மரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், இரண்டு பக்கம், மேல், கீழ் என நான்கு பலகையிலும் ரேகை பெட்டியைச் சுற்றியே ஓடும்படி வையுங்கள். அப்போது பெட்டி முழுவதும் ஆழத்தில் மட்டும், ஒன்றாகச் சேர்ந்து, கூடும் குறையும். மூட்டுகள் பிளக்காது.

வளைவு மூலைதான் இந்த உருவத்தின் அழகு. பக்கம், மேல், பக்கம் மூன்றையும் ஒரே துண்டாக வளைக்க வேண்டும். வெளி ஆரம் 40 மி.மீ. என்றால் நேர்ப்பகுதிகள் 210, 280, 210, வளைவுகள் ஒவ்வொன்றும் 63. மொத்தம் 826 மி.மீ. 850க்கு வெட்டிக்கொண்டு கடைசியில் நுனியைச் சீவுங்கள். வளையும் இடத்தில் உள்பக்கம் வரிசையாக ரம்ப வெட்டுகள் போட்டு, வெளிப்பக்கம் 2 மி.மீ. மட்டும் விட வேண்டும். வளைக்கும்போது வெட்டுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். எத்தனை வெட்டு? வெளி வளைவுக்கும் உள் வளைவுக்கும் உள்ள நீள வித்தியாசம்தான் மறைய வேண்டிய மரம். 90 டிகிரி வளைவில் அது கனத்தை 1.57ஆல் பெருக்கினால் வரும்: 12க்கு 18.8 மி.மீ. வெட்டு 3 மி.மீ. அகலம் என்றால் ஆறு. இதில் ஆரமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய வளைவோ சின்ன வளைவோ வெட்டு எண்ணிக்கை அதேதான். இடைவெளி மட்டும் மாறும்.

ஆறு வெட்டு போட்டால் பத்தரை மி.மீ.க்கு ஒரு பட்டை வெளியே தட்டுப்படும், பீப்பாய்ப் பலகை மாதிரி. 1.8 மி.மீ. மெல்லிய பிளேடில் பத்து வெட்டு, 6 மி.மீ. இடைவெளி என்று போனால் வளைவு வழுவழுப்பாக வரும். மேல்தாளின் ரேகை வெட்டுகளுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் வளைக்கும்போது பட்டென்று முறியும். 12 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் 12 ஆகவே இருக்கும் என்று நம்பாமல் காலிப்பரில் அளந்து, கழிவுத் துண்டில் ஒரு வளைவு போட்டுப் பார்த்துவிட்டு அசலில் கை வையுங்கள். வெளிமுகத்தில் சுடுதண்ணீர்த் துணியைக் கால் மணி நேரம் போட்டு வைத்தால் தோல் இளகும். வெட்டுகளுக்குள் எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) நிரப்பி, அச்சுக்கட்டையில் கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். வெள்ளைப் பசை இந்த இடத்துக்கு ஆகாது. இழுவிசை நிரந்தரமாக இருக்கும் இடத்தில், அதுவும் வெதுவெதுப்பில், அது மெல்ல மெல்ல வழுக்கிக் கொடுக்கும்.

வெனீர் ஒட்ட அரை மி.மீ. தாள் போதும். ரப்பர் பசை உடனே பிடிக்கும், வேலையும் சுலபம். ஆனால் சூட்டில் இளகிக் கொப்புளம் விடுவது அதன் குணம். வெள்ளைப் பசையை வெனீரிலும் பிளைவுட்டிலும் மெல்லத் தடவி, கண்ணாடி மாதிரி தெளியும் வரை காயவிட்டு, பிறகு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டுவது நம்பகமான வழி. ஈரப்பசையில் ஒட்டினால் வெனீர் ஊறி விரிந்து ஒட்டிக்கொள்ளும். காயும்போது சுருங்க இடமில்லாமல் மயிரிழை வெடிப்பு விடும்.

உலோகம் இல்லாமல் இந்தப் பெட்டி முடியாது. போர்டின் பின்பக்கத்தில் யுஎஸ்பி போன்ற இணைப்புகள் வெளியே வருவதற்கான திறப்பு 158.75 × 44.45 மி.மீ.; அதில் பொருந்தும் தகடு ஏறக்குறைய 1 மி.மீ. கன விளிம்பைக் கவ்வும்படி செய்யப்பட்டது. 12 மி.மீ. மரத்தில் அது நிற்காது, மரத்தை 1 மி.மீ.க்குக் குடைந்தால் விளிம்பு உடைந்துவிடும். ஆகவே பின்சுவர் முழுவதும் 1.2 மி.மீ. அலுமினியத் தகடு, அதோடு எல் வடிவில் சேர்ந்த அடித்தட்டு. போர்டு 6.5 மி.மீ. பித்தளைத் தூண்கள்மேல் இந்தத் தட்டில் உட்காரும். நான்கு துளையும் சரியான செவ்வகம் அல்ல, ஒன்று உள்தள்ளி இருக்கும். அளவெடுத்துக் குறிப்பதைவிடப் போர்டையே வைத்துக் குறியுங்கள். தட்டை மரத்தில் பிடிக்கும் ஸ்க்ரூ துளைகளில் பின்விளிம்பு ஓரத்தவை வட்டமாக இருக்கட்டும், மற்றவை முன்பின்னாக 2, 3 மி.மீ. நீண்டு இருக்கட்டும். மரம் நகர்ந்தாலும் போர்டுக்குத் தெரியாது.

இந்தத் தகட்டுக்கு இன்னொரு வேலை உண்டு. உலோகப் பெட்டி தானாகவே எர்த் ஆகிவிடும், மரம் ஆகாது. பவர் சப்ளையின் உடல் மூன்று பின் பிளக்கின் எர்த்தோடு சேர்ந்தது. அதைத் தகட்டில் நேராக முடுக்கினால், பித்தளைத் தூண் வழியாகப் போர்டின் துளை வளையங்கள் வரை எல்லாமே எர்த். தகட்டில் பெயின்ட் அடித்தால் ஸ்க்ரூ இடங்களைச் சுரண்டி விடுங்கள். முகப்பில் கை படும் உலோக ஸ்விட்ச் இருந்தால் அதற்கும் தனியாக ஒரு எர்த் வயர். மரம் ரேடியோ அலையைத் தடுக்காது என்பதால் பக்கத்தில் மீடியம் வேவ் ரேடியோ வைத்தால் இரைச்சல் கேட்கும். அதே காரணத்தால் வைஃபை ஆன்டெனாவைப் பெட்டிக்குள்ளேயே, தகட்டிலிருந்து தள்ளி, ஒளித்து வைக்கலாம். பழைய தோற்றத்துக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

முகப்பில் ஸ்பீக்கர் துணி இருக்கும் இடம்தான் காற்று நுழையும் வழி. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அசல் ஸ்பீக்கர் துணி ஒலியை விடும், ஆனால் காற்றோட்டத்தை நெரிக்கும். ஃபேனை ஓடவிட்டு வெளியே ஒரு டிஷ்யூ தாளைக் காட்டுங்கள். துணியோடு ஒட்டி நிற்கவில்லை என்றால் அந்தத் துணி வேண்டாம். நாற்காலிக்குப் போடும் பிரம்புப் பின்னல் இன்னும் நன்றாக வேலை செய்யும். 6 மி.மீ. ரீப்பர், 6 மி.மீ. சந்து என்று அடித்தால் பாதிப் பரப்பு திறந்திருக்கும். 120 மி.மீ. ஃபேனின் இறக்கை சுற்றும் பரப்பு, நடுக் குமிழ் போக, 90 சதுர செ.மீ. ஆகவே சந்துகள் மட்டும் கூட்டி அதற்குக் குறையாமல் இருக்க கிரில் 180 சதுர செ.மீ. வேண்டும், 250 வைத்தால் நிம்மதி. கிரிலை ஃபேனுக்கு ஒட்டி வைக்காமல் 12 மி.மீ. தள்ளி வையுங்கள். இறக்கை ஒவ்வொரு ரீப்பரையும் நெருங்கிக் கடக்கும்போது எழும் ஊதல் ஒலி அப்போதுதான் அடங்கும். ஃபேன் ஸ்க்ரூ துளைகள் மையத்துக்கு மையம் 105 மி.மீ. காற்று வெளியேற, பின்தகட்டின் மேல்பாதியில் 8 மி.மீ. துளைகள் இருநூறு போட்டால் 100 சதுர செ.மீ. கிடைக்கும்.

குமிழ்களில் மாட்டிக்கொள்ளும் இடம் இரண்டு. ரேடியோவின் ஆன்-ஆஃப் குமிழையே கணினிக்கு வைத்தால், அது போட்ட நிலையிலேயே நிற்கும். மதர்போர்டு எதிர்பார்ப்பது ஒரு தட்டு மட்டும். நான்கு வினாடி அழுத்தியே இருந்தால் 'வலுக்கட்டாயமாக நிறுத்து' என்று புரிந்துகொண்டு அணைந்துவிடும். போட்டவுடன் அணைகிறது என்று பவர் சப்ளையை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். தானே திரும்பி வரும் ஸ்விட்ச் போடுங்கள். ஒலி கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு ரோட்டரி என்கோடர் (எந்தப் பக்கம், எவ்வளவு திருகினோம் என்று சொல்லும் பாகம்) வைத்து, யுஎஸ்பி கீபோர்டாக நடிக்கும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் இணைக்கலாம். ஆனால் என்கோடரின் திருகுக் கழுத்து 7 மி.மீ.தான், 12 மி.மீ. பிளைவுட்டில் நட்டு எட்டவே எட்டாது. பின்னாலிருந்து 3 மி.மீ. மிஞ்சும் வரை குடையுங்கள். பழைய குமிழின் துளை கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ.; என்கோடர் தண்டு 6. மெல்லிய பித்தளைத் தகட்டை ஒரு சுற்று சுற்றினால் ஆட்டம் நின்றுவிடும். டயல் வெளிச்சத்துக்கு 2700 கெல்வின் மஞ்சள் வெள்ளை எல்இடி, 5 வோல்ட்டில் 150 ஓம் ரெசிஸ்டரோடு. நீல வெள்ளை போட்டால் அத்தனை உழைப்பும் பொம்மைக் கடைச் சாமான் மாதிரி ஆகிவிடும்.

பாலிஷுக்கு அரக்குதான் அந்தக் காலத்து நிறம். 100 மில்லி ஸ்பிரிட்டில் 25 கிராம் ஆரஞ்சு அரக்குச் செதிலை ஒரு இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். 120, 180, 240 என்று உப்புத்தாள் தேய்த்த பிறகு ஏழெட்டு மெல்லிய பூச்சு. மழை நாளில் வேண்டாம். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேல்முகம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளைப் புகையாக நின்றுவிடும். அரக்கு நீராவியை நன்றாகத் தடுக்கும், எண்ணெய் தடுக்காது. வெளியே பளபளவென்று எட்டுப் பூச்சும் உள்ளே பூச்சே இல்லாத வெறும் மரமுமாக விட்டால் ஈரம் ஒரு பக்கமாகவே போய்வரும். நாம் எதற்குப் பயந்தோமோ அந்த வளைவை நாமே வரவழைத்தது போலாகும். உள்முகத்துக்கும் அதே எண்ணிக்கைப் பூச்சு, ரம்ப வெட்டு ஓரங்கள் உட்பட.

எல்லாம் பொருத்தியதும் முழு வேலை கொடுத்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், முதலில் பின்தகட்டின் மேல்பகுதியைத் திறந்து, பிறகு மூடி. பிராசசர் சூடு இரண்டுக்கும் 5 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் துளைகள் போதவில்லை. வளைவைப் பார்க்க ஒரு மாதம் கழித்து மேல்பலகையின் உள்பக்கம் நேர்ச்சட்டத்தை வைத்து, பின்னால் டார்ச் அடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் உள்ளே இன்னும் இரண்டு பூச்சு பாக்கி.