கரையடியில் கசியும் தண்ணீர் என்ன நிறம்?

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தோட்டத்துப் பள்ளத்தின் குறுக்கே அவருடைய தாத்தா காலத்தில் போட்ட மண்கரை. எட்டு மீட்டர் உயரம் இருக்குமாம். காப்பி பூக்க வேண்டிய நேரத்தில் மழை ஏமாற்றினால் அங்கே தேங்கிய தண்ணீர்தான் கைகொடுக்கிறது. இரண்டு வருடமாகக் கரையின் வெளிப்பக்கத்து அடியில் ஓர் இடம் காயவே மாட்டேன் என்கிறது, கோரைகூட முளைத்துவிட்டது, களிமண் போட்டு அடைத்துவிடலாமா என்று கேட்டிருந்தார். கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: கலங்கல் மேல், அதாவது குளம் நிரம்பினால் உபரிநீர் வழிந்து வெளியேறும் இடத்தில், மண்மூட்டை அடுக்கி இன்னும் இரண்டடி தண்ணீர் தேக்கியிருக்கிறாராம்.

அடைக்காதீர்கள் ஐயா. ஏன் என்று சொல்கிறேன்.

கசியாத மண்கரை உலகத்தில் கிடையாது. மண் துகள்களுக்கு நடுவே இடைவெளி உண்டு. ஒரு பக்கம் தண்ணீர் உயர்ந்து நின்றால் மறுபக்கம் போய்த்தான் தீரும். எவ்வளவு போகும் என்பதற்கான கணக்கை 1856இல் டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சொல்லிவிட்டார். பள்ளிப் பாடம்தான், தாண்டிப் போவோம். உடைந்த மண் அணைகளின் கதைகளை அலசிப் பார்த்தவர்கள் சொல்வது இது: ஏறத்தாழ பாதி, தண்ணீர் கரைமேல் வழிந்து உடைந்தவை. மீதியில் மிகப் பெரும்பகுதி உள்ளரிப்பால், அதாவது கசியும் தண்ணீர் உள்ளேயிருக்கும் மண்ணை அரித்துக்கொண்டு போனதால் உடைந்தவை. வாசகரின் கோரைப்புல் இந்த இரண்டாவது வகைக்குள் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான்.

கரையடியில் தண்ணீர் மேல்நோக்கி ஊறி வருகிறது. வரும்போது அங்கிருக்கும் மணலையும் தூக்கப் பார்க்கிறது. மணல் தன் எடையால் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் தண்ணீரில் மூழ்கிய மணற்படுகையின் எடை, அதே கன அளவு தண்ணீரின் எடையைவிட அதிகம் ஒன்றும் இல்லை. ஆகவே, ஒரு மீட்டர் மண்ணைக் கடப்பதற்குள் ஒரு மீட்டர் நீர்மட்டம் குறைகிற அளவுக்கு ஓட்டம் வலுத்துவிட்டால் மணல் மிதக்க ஆரம்பித்துவிடும். பார்ப்பதற்குக் கஞ்சி கொதிப்பது போலவே இருக்கும். நடுவில் குமிழ்த்துக்கொண்டே இருக்கும், சுற்றிலும் மணல் வளையம் கட்டும்.

முதல் துகள் போவது பெரிய விஷயமே இல்லை. ஆனால் அது போன இடத்தில் ஒரு சிறு குழி விழுகிறது. குளத்துக்கும் அந்தக் குழிக்கும் உள்ள தூரம் இப்போது இம்மியளவு குறைந்துவிட்டது. தூரம் குறைந்தால் தண்ணீருக்கு வழி சுலபம். அக்கம்பக்கத்தில் ஊறிக்கொண்டிருந்த தண்ணீரும் அந்தக் குழியைப் பார்த்துத் திரும்புகிறது. ஓட்டம் கூடுகிறது, அடுத்த துகள் போகிறது, குழி இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்கிறது. தண்ணீர் உள்ளிருந்து வெளியே வருகிறது; ஓட்டையோ வெளியிலிருந்து உள்ளே போகிறது. எலி வளை தோண்டுவது மாதிரி. மேலே களிமண் கூரையாக நின்று வளையைத் தாங்கிக்கொள்வதால் கரைமேல் நடந்துபோகிறவருக்கு எதுவும் தெரியாது. வருடக்கணக்கில் நகராமல் கிடக்கும். வளை குளத்தைத் தொட்டுவிட்டால் அப்புறம் மணிக்கணக்குதான்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை உடைந்ததைப் படம் எடுத்தே வைத்திருக்கிறார்கள். அது சின்ன அணை இல்லை. 93 மீட்டர் உயரம், அரசு கட்டியது. 1976 ஜூன் 5, காலை ஏழரை மணி வாக்கில் கலங்கிய தண்ணீர் வருவதைப் பார்த்தார்கள். ஓட்டையை மண் தள்ளி அடைக்க இரண்டு புல்டோசர்கள் போயின. இரண்டையும் ஓட்டை விழுங்கிவிட்டது. ஓட்டுநர்கள் தப்பித்தார்கள். நண்பகலுக்கு முன்பே அணை போயிற்று. 11 பேர் இறந்தார்கள்.

வெளிவாயை அடைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் நிற்காது, அழுத்தம்தான் ஏறும். பக்கத்தில் எங்கே மண் பலவீனமாக இருக்கிறதோ அங்கே பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீரைப் போக விட்டு மண்ணை மட்டும் பிடித்து வைக்க வேண்டும். அதற்கான பொருள் களிமண் இல்லை, மணல்.

களிமண்ணைவிட மணலின் இடைவெளிகள் பெரியவை, பெரிய ஓட்டையுள்ள சல்லடை எப்படிப் பொடியைப் பிடிக்கும் என்று கேட்பீர்கள். காப்பி ஃபில்டரைப் பாருங்கள். தட்டின் துளைகளை விடப் பொடியின் நுண்துகள்கள் மிகச் சிறியவை. இருந்தும் எல்லாம் கீழே இறங்கிவிடுவதில்லை. முதல் சில சொட்டு கலங்கலாக வரும். அதற்குள் பருமனான துகள்கள் துளை வாயில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றுவிடும். அவற்றின் இடுக்கில் நடுத்தரத் துகள்கள் மாட்டும். அவற்றின் இடுக்கில் நுண்தூள். அப்புறம் டிகாஷன் தெளிவாக இறங்கும். கரையடி மணலும் அதையேதான் செய்கிறது. ஒரே அளவுள்ள மூன்று குண்டுகள் தொட்டுக்கொண்டு நின்றால், நடுவில் நுழையக்கூடிய உருண்டையின் விட்டம் குண்டின் விட்டத்தில் ஆறில் ஒரு பங்குதான். மண்ணிலுள்ள பருத்த துகள்கள் அந்த இடுக்கில் சிக்கினால் போதும், மிச்ச வேலையை அவையே பார்த்துக்கொள்ளும்.

இந்த யோசனையைக் கணக்காக்கியவர் கார்ல் டெர்சாகி, மண் இயந்திரவியல் என்ற துறையையே தொடங்கி வைத்தவர். வடிகட்டி மணலின் சன்னமான துகள்களின் விட்டம், காக்கப்பட வேண்டிய மண்ணின் பருமனான துகள்களின் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் போகக்கூடாது. அதே சமயம் தண்ணீர் தாராளமாக வெளியேறும் அளவுக்கு மண்ணைவிடப் பருமனாகவும் இருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. மணல் மேல் பொடி ஜல்லி, அதன் மேல் கருங்கல் என்று அடுக்கினால், எடையும் கிடைக்கும் வடிகாலும் கிடைக்கும். ஊற்று கொதிக்கவே ஆரம்பித்துவிட்டால், அதைச் சுற்றி மண்மூட்டையால் கிணறு போல வளையம் கட்டி உள்ளே தண்ணீர் உயர விடுவார்கள். எதிரழுத்தம் கூடும், மணல் அடங்கும். அது அவசர வைத்தியம். குளத்து மட்டத்தை இறக்குவதும் பொறியாளரை அழைப்பதும் கூடவே நடக்க வேண்டும்.

வாசகரின் ஈரத்திட்டில் வெறும் தண்ணீர் மட்டும் வருகிறதா, மண்ணும் சேர்ந்து வருகிறதா? கசியும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி அசையாமல் வைக்கச் சொன்னேன். அடியில் மண் படிந்தால் கரை கரைந்துகொண்டிருக்கிறது. அடுத்து, அந்த இடம் மதகுக் குழாயின் நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்னக் கரைகளில் குழாயை ஒட்டிய மண்ணை யாரும் சரியாகத் திமிசு போட்டு இறுக்குவதில்லை. தண்ணீருக்கு அது ராஜபாட்டை. செத்த மரத்தின் வேர் மக்கிய இடமும் அப்படியே. நண்டு வளையும் உண்டு. 2019இல் மகாராஷ்டிரத்தின் திவரே அணை உடைந்தபோது அமைச்சர் ஒருவர் நண்டுகள் மேல்தான் பழி போட்டார். அணை கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

கசிவை அளக்கவும் வேண்டும். கரையடியில் சிறு வாய்க்கால் வெட்டி, ஆங்கில வி எழுத்துப் போலச் செங்கோணத்தில் வெட்டிய தகட்டைக் குறுக்கே நிறுத்துங்கள். வெட்டின் கூர்முனைக்கு மேல் தண்ணீர் 5 செ.மீ. நின்றால் நொடிக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் போகிறது, 10 செ.மீ. நின்றால் நாலரை லிட்டருக்குப் பக்கம். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல். அடி குறுகலாக இருப்பதால் சொற்ப ஓட்டத்தையும் காட்டிக்கொடுக்கும், விரிந்த வாய் மழைநாளையும் தாங்கும். வெறும் தகரத்தில் இப்படி ஒரு கருவி! வாரம் ஒருமுறை தேதி, குளத்து மட்டம், மழை, கசிவு நான்கையும் நோட்டில் எழுதுங்கள். குளம் நிரம்பினால் கசிவு கூடும், அது இயல்பு. போன வருடம் இருந்த அதே மட்டத்தில் இந்த வருடம் கசிவு கூடுதலா என்பதுதான் கேள்வி. காரணமில்லாமல் திடீரென்று குறைந்தாலும் சந்தேகப்பட வேண்டும். தண்ணீர் வேறு வழி பிடித்திருக்கலாம்.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில், டொக்கோவா அருவிக்கு மேலே ஒரு கல்லூரிக்குச் சொந்தமான மண் அணை இருந்தது. பெயர் கெல்லி பார்ன்ஸ், உயரம் சுமார் 12 மீட்டர். 1977 நவம்பர் 6, மழை கொட்டிய இரவில் உடைந்து, கீழே கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்த 39 பேர் இறந்தார்கள். விசாரித்தவர்களால் ஒற்றைக் காரணத்தைச் சுட்ட முடியவில்லை. வெளிச்சரிவு சரிந்திருந்தது 1973இல் எடுத்த படத்தில் தெரிகிறது. அதன்பின் ஜனாதிபதி கார்ட்டர் உத்தரவில் நாடெங்கும் ஏறத்தாழ 9,000 அணைகளைச் சோதித்தார்கள். மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது. அவற்றில் மிகுதியாகக் காணப்பட்ட குறை, உபரிநீர் வெளியேறும் வழி போதாமை. மண்மூட்டைக்காரர்கள் கவனிக்க.

நம் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021இல் வந்தது. 15 மீட்டருக்கு மேற்பட்டவை அதில் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளோடு வரும். எட்டு மீட்டர் தோட்டக் கரை வராது. ஆராய்ச்சிப் பணமும் பெரிய அணைகள் பக்கமே போகிறது. தகரத் தகடும் நோட்டும் என்று எழுதினால் எந்தக் குழு நிதி தரும்?

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதை உங்களுக்குத் தெரியும். 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், அடைமழை ராத்திரியில் ஏரிக்கரையில் வில்லோடு நின்ற இருவரைப் பார்த்தாராம், கரை உடையவில்லையாம். நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு அந்தக் கதையில் பிடித்த ஆள் கலெக்டர்தான்; அந்த மழையில் கரையைப் பார்க்கப் போயிருக்கிறார்.

ஏற்காட்டிலிருந்து போன வாரம் பாட்டில் படம் வந்தது. தண்ணீர் தெளிவு, அடியில் ஒன்றும் படியவில்லை. மணல் வடிகட்டி போட ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். கலங்கல் மூட்டைகளை எடுத்தாயிற்றா என்று கேட்டு எழுதினேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.