கடைசி வாரப் பாடங்கள் ஏன் மனதில் நிற்பதில்லை

கோடை விடுமுறை நெருங்கும்போது சில வகுப்புகளில் போர்ஷன் முடிக்கும் ஓட்டம் தொடங்கிவிடும். மிச்சமிருக்கும் இரண்டு பாடங்களை ஒரே வாரத்தில் நடத்தி முடித்துவிடுவார்கள். வேறு சில வகுப்புகளில் தேர்வு முடிந்து மதிப்பெண்ணும் போட்டாகிவிட்டது, இனி எதற்குப் பிள்ளைகளை வருத்துவது என்று படம் போட்டுக் காட்டி நாளைக் கடத்துவார்கள். பாடச்சுமையைக் குறைக்கலாமா கூடாதா என்ற விவாதம் ஒவ்வோர் ஆண்டும் இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. ஆனால் நினைவு எப்படி உருவாகிறது, எப்படித் தேய்கிறது என்று தெரியவந்திருப்பதை வைத்துப் பார்த்தால், இரண்டுமே பிள்ளைகளுக்கு நஷ்டம். கடைசி வாரங்களில் புதுப் பாடத்தை நிறுத்திவிடலாம். படிப்பை நிறுத்தக் கூடாது.

முதலில் மறதியைப் பார்ப்போம். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக்கு உட்பட்டவர் அவர் ஒருவர்தான். பொருளற்ற அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்தார். பிறகு சில நிமிடம், சில மணி நேரம், சில நாள் என்று இடைவெளி விட்டு அதே பட்டியலை மறுபடி மனப்பாடம் செய்தார். முதல் தடவையோடு ஒப்பிட்டால் இந்தத் தடவை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். ஒரு மணி நேரம் கழித்து 44 சதவீதம் மிச்சமானது. ஒரு நாள் கழித்து சுமார் 34. ஆறு நாளில் 25, 31 நாளில் 21. அதாவது மறதி ஆரம்பத்தில் செங்குத்தாக இறங்குகிறது, பிறகு நிதானப்படுகிறது. 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் கிட்டத்தட்ட இதே வளைவு கிடைத்தது. பொருள் புரிந்து படிக்கும் பாடம் இவ்வளவு வேகமாக மறக்காது என்பது உண்மைதான். ஆனாலும் முதலில் வேகமாக இறங்கிப் பிறகு மெதுவாகத் தேயும் அந்தப் போக்கு அதற்கும் உண்டு.

பள்ளி விஷயத்தில் இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு 1897இல் வந்தது. அடால்ஃப் யோஸ்ட் என்ற ஆய்வாளர் இரண்டு விதிகளைச் சொன்னார். இரண்டு நினைவுகள் இன்றைக்கு ஒரே அளவு வலுவாக இருக்கின்றன, ஆனால் ஒன்று பழையது, மற்றது புதியது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல் பழையது மெதுவாகத் தேயும், புதியது வேகமாகத் தேயும். இது ஒரு விதி. இரண்டையும் இன்னொரு தடவை படித்தால், அந்தத் தடவையால் பழைய நினைவுக்குத்தான் அதிக லாபம். இது இன்னொரு விதி. நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் இவை நினைவாய்வில் நிலைத்து நிற்கின்றன.

இப்படி ஏன் நடக்கிறது என்பதற்கு மூளையின் அமைப்பில் ஒரு விளக்கம் இருக்கிறது. புதிதாகக் கற்றது நிலைபெற ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதியின் உதவி வேண்டும். ஒரு செய்தியின் ஒலி, உருவம், பொருள் எல்லாம் மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியின் வெவ்வேறு இடங்களில் பதிகின்றன. அவற்றை ஒன்றோடொன்று கோத்து வைப்பது ஹிப்போகாம்பஸ். நாள் செல்லச் செல்ல, குறிப்பாகத் தூக்கத்தின்போது, அந்தக் கோவை மறுபடி மறுபடி இயக்கப்பட்டு, புறணியிலேயே நேரடி இணைப்புகள் வலுவாகின்றன. வலிப்பு நோய்க்காக 1953இல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு இரு பக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அறுவை செய்து எடுத்தார்கள். அதன் பிறகு சந்தித்தவர்களையும் நடந்த நிகழ்ச்சிகளையும் அவரால் மனதில் நிறுத்திக்கொள்ள முடியவில்லை. ஆனால் சிறு வயது நினைவுகள் தங்கியிருந்தன. பழைய நினைவு வேறு விதமாக ஊன்றியிருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் தெளிவாகக் கண்டது அவரிடம்தான்.

சரி, இதைப் பள்ளி நாள்காட்டியின் மேல் வைத்துப் பாருங்கள். விடுமுறைக்கு ஐந்து நாள் இருக்கும்போது நடத்தப்படும் புதுப் பாடத்துக்கு ஊன்றிக்கொள்ள அவகாசமே இல்லை. அது ஊன்றுவதற்கு முன்பே, யாரும் அதைத் திரும்பத் தொடாத விடுமுறை வந்துவிடுகிறது. ஆசிரியரின் பதிவேட்டில் பாடம் முடிந்தது என்று இருக்கும். பிள்ளையின் தலையில் அநேகமாகத் தலைப்பு மட்டும்தான் இருக்கும். அடுத்த வகுப்பின் ஆசிரியர் இது போன வருடமே நடத்தியதுதானே என்று நினைத்து மேலே போய்விடுவார் என்பது கூடுதல் ஆபத்து.

விடுமுறையில் எவ்வளவு போகிறது என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஹாரிஸ் கூப்பரும் உடன் பணியாற்றியவர்களும் 1996இல் 39 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்புக்குச் சமமான அளவு பின்தங்குகிறார்கள் என்று வந்தது. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி மறப்பதில்லை. கணக்குப் போடும் முறைகளும் எழுத்துக்கூட்டலும் அதிகம் அடிபடுகின்றன. இரண்டுமே பயிற்சியால் நிற்பவை, விடுமுறையில் தானாக வாய்க்காதவை. வாசிப்பு அப்படியில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதில் முன்னேறவும் செய்தார்கள், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். இந்த இடைவெளி உண்மையில் எவ்வளவு பெரியது என்பதில் இப்போது சண்டை இருக்கிறது. பழைய தேர்வுகள் மதிப்பெண்ணைக் கணக்கிட்ட விதமே அதைப் பெரிதாக்கிக் காட்டியது என்று பால் வான் ஹிப்பல் போன்றவர்கள் 2019இல் காட்டினார்கள். அந்த விமர்சனம் நியாயமானது. ஆனால் பள்ளி நடக்கும் மாதங்களைவிட விடுமுறையில் கற்றல் வேகம் மிகவும் குறைகிறது என்பதை அவர்களும் மறுக்கவில்லை.

அப்படியானால் கடைசி மூன்று நான்கு வாரங்களில் என்ன செய்வது? எனக்கு இதில் சந்தேகமே இல்லை. பழையதை நினைவிலிருந்து எடுக்க வைக்க வேண்டும். திருப்புதல் என்ற பெயரில் வழக்கமாக நடப்பது வேறு. ஆசிரியர் பாடத்தை வேகமாக இன்னொரு தடவை சொல்வார், பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். அதனால் பெரிய பயனில்லை என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் 2006இல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பத்தியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு தடவை படித்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதத்தில் இருந்தார்கள். இன்னொரு வேடிக்கை, தனக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை திரும்பத் திரும்பப் படித்தவர்களிடம்தான் அதிகமாக இருந்தது.

இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்களே, நினைவுக்கும் அது பொருந்தும். ஒன்றைத் தேடி எடுக்கும் முயற்சியிலேயே அதற்குப் போகும் வழிகள் பலப்படுகின்றன. கொஞ்சம் மறந்து, திணறி எடுத்தால் இன்னும் நல்லது. திணறல் அதிகமானால் எதுவுமே கிடைக்காது, குறைவானால் பயன் இருக்காது.

எவ்வளவு மறந்த பிறகு எடுப்பது நல்லது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நிக்கோலஸ் செபேடாவும் குழுவினரும் 2008இல் 1350க்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்தார்கள். யாருக்கும் தெரிந்திராத சில தகவல்களைக் கற்பித்து, வெவ்வேறு இடைவெளியில் ஒரு தடவை திருப்புதல் கொடுத்து, கடைசியில் வெவ்வேறு காலம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். 70 நாள் கழித்துத் தேர்வு எழுதியவர்களில் அதிகம் நினைவு வைத்திருந்தவர்கள் முதல் படிப்புக்கும் திருப்புதலுக்கும் நடுவில் 21 நாள் விட்டவர்கள். 70 நாள் என்பது ஏறத்தாழ ஒரு நீண்ட கோடை விடுமுறை. ஆக, விடுமுறைக்கு முன்னால் திருப்ப வேண்டியது போன வாரப் பாடத்தை மட்டுமில்லை. குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்பு நடத்திய பாடங்களும், பிள்ளைகள் ஓரளவு மறந்துபோன அரையாண்டுப் பாடங்களும்தான் முதலில் வர வேண்டும். யோஸ்ட் சொன்னதும் இதைத்தான். அதே ஒரு மணி நேர உழைப்பு பழைய பாடத்தில் அதிகம் தங்கும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. வகுப்பு தொடங்கியதும் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ஆண்டின் தொடக்கத்தில் நடத்திய ஒரு பாடத்தில் நினைவிருப்பதையெல்லாம் பத்து நிமிடம் எழுதச் சொல்லலாம். அப்புறம் புத்தகத்தைத் திறந்து அவர்களே சரிபார்க்கட்டும், விட்டுப்போனதை வேறு நிறப் பேனாவில் சேர்க்கட்டும். சரிபார்ப்பது கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் தப்பாக நினைவுக்கு வந்ததே பதிந்துவிடும். கணக்கில் பின்னம், பரப்பளவு, சதவீதம் என்று வகை பிரிக்காமல் கலந்து கொடுத்தால், எந்த முறையைப் போடுவது என்று கண்டுபிடிக்கும் வேலையும் பிள்ளைக்கு வந்துவிடும். வகைவாரியான பயிற்சியில் அந்த வேலையைப் பாடத் தலைப்பே செய்துவிடுகிறது. ஆனால் இதற்கெல்லாம் மதிப்பெண் மட்டும் போட வேண்டாம். மதிப்பெண் வந்துவிட்டால் தெரியாததை மறைக்கத்தான் பிள்ளைகள் முயல்வார்கள். தெரியாதது எது என்று வெளியே வருவதில்தான் இங்கே லாபமே.

வெப்பத்தையும் விட்டுவிட முடியாது. அமெரிக்காவில் சுமார் ஒரு கோடி மாணவர்களின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில் ஆண்டின் சராசரி வெப்பம் 1 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் அந்த ஆண்டின் கற்றலில் சுமார் 1 சதவீதம் குறைவதாகச் சொல்கிறது. ஆகவே சுமையை நேரத்தில் குறைக்கலாம். யோசிக்க வேண்டிய வேலையைக் காலையின் முதல் இரண்டு பாடவேளைக்குள் முடித்துவிட்டு, பிற்பகலைக் கதைக்கும் ஓவியத்துக்கும் விடலாம்.

கடைசி நாள்கள் எப்படி இருக்கின்றன என்பதற்கும் தனி மதிப்பு உண்டு. டேனியல் கானமனும் குழுவினரும் 1993இல் செய்த சோதனையில், கையை 60 நொடி குளிர்ந்த நீரில் வைத்த அனுபவத்தைவிட, அதே 60 நொடியோடு சற்றே குளிர் குறைந்த 30 நொடி சேர்ந்த அனுபவத்தையே பெரும்பாலோர் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் தேவலை. 2010இல் பிரிட்ஜிட் ஃபின் இதைப் படிப்பில் சோதித்தார். கடினமான 30 சொற்கள் கொண்ட பட்டியலைவிட, கடினமான 30 சொற்களுக்குப் பிறகு சற்று எளிய 15 சொற்கள் வரும் நீண்ட பட்டியலையே மாணவர்கள் மறுபடி படிக்க விரும்பினார்கள். போர்ஷன் ஓட்டம் இதற்கு நேர் எதிராக ஆண்டை முடிக்கிறது. ஆண்டிலேயே கடினமான பாடங்கள் மிக அவசரமாகக் கடைசி நாள்களில் வருகின்றன. கணக்குக்கு வெகுநாளாகப் பயப்படும் பிள்ளைக்கு அந்தக் கசப்போடு விடுமுறை விடுவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. கலந்து கொடுத்த பழைய கணக்குகளில் கடைசி சில, அந்தப் பிள்ளை நிச்சயமாகப் போட்டுவிடக்கூடியவையாக இருக்கட்டும்.

இவ்வளவு செய்தாலும் விடுமுறை முடிந்து வரும்போது நிறைய மறந்துதான் போயிருக்கும். எப்பிங்ஹாஸ் அளந்தது நினைவிலிருந்து சொல்ல முடிவதை இல்லை, திரும்பக் கற்கும்போது மிச்சமாகும் உழைப்பைத்தான். வாயில் வராத பாடமும் இரண்டாம் முறை விரைவாக ஏறும், ஏனென்றால் தடம் முழுதும் அழிந்திருக்காது. அதனால் பள்ளி திறந்த முதல் வாரத்தில் வைக்கும் தேர்வு, பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதைக் குறைத்தே காட்டும். முதல் வாரம் முழுக்க மதிப்பெண் இல்லாமல் பழைய பாடங்களைக் கேட்டுவிட்டு, தேர்வை இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வைத்தால், வரும் மதிப்பெண் உண்மைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும்.