'தேவைப்பட்டால் கொடுக்கவும்': பள்ளியில் அதை முடிவு செய்வது யார்?

பள்ளிச் செவிலியர் அறைக்கு வரும் மருந்துச் சீட்டுகளில் எனக்கு அதிகம் கவலை தருபவை, 'தேவைப்பட்டால் கொடுக்கவும்' என்று முடியும் சீட்டுகள்தான். தினமும் மதியம் ஒரு மாத்திரை என்றால் சிக்கல் இல்லை. குழந்தையின் பெயர், மருந்து, அளவு, கொடுக்கும் முறை, நேரம் எல்லாவற்றையும் சரிபார்த்து, பயிற்சி பெற்ற அலுவலக ஊழியரே கொடுத்துவிடலாம். ஆனால் தேவை வந்துவிட்டது என்று யார் சொல்வது? வீசிங் உள்ள ஒரு பையன் விளையாடிவிட்டு வந்து மூச்சு வாங்குகிறான். ஓடியதால் வந்த இளைப்பா, மூச்சுக்குழாய் சுருங்கியதால் வந்த திணறலா? அதைக் கண்டுபிடிப்பதுதான் செவிலியரின் வேலை. இன்ஹேலரை அழுத்துவதை யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பல பள்ளிகளில் செவிலியர் நாள் முழுக்க இருப்பதில்லை. ஒருவரே பல பள்ளிகளைப் பார்க்கிறார். இல்லாத நேரத்தில் வேலை வகுப்பாசிரியருக்கோ, அலுவலகத்தில் இருப்பவருக்கோ, உடற்கல்வி ஆசிரியருக்கோ போகிறது. 1902-இல் நியூயார்க்கில் லினா ரோஜர்ஸ் என்ற செவிலியரைச் சோதனை முயற்சியாகப் பள்ளிகளுக்கு அனுப்பியபோது, அவர் பார்த்தது பெரும்பாலும் தலைப்பேன், சொறிசிரங்கு, கண் நோய். தொற்று என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளைக் குணப்படுத்தி வகுப்புக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். இன்றைக்கு அதே வகுப்பில் இன்சுலின் பம்ப் மாட்டிய பிள்ளை இருக்கிறது, வயிற்றில் போட்ட குழாய் வழியாக உணவு எடுக்கும் பிள்ளை இருக்கிறது, வலிப்பு மருந்தைப் பையில் வைத்திருக்கும் பிள்ளை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்ய முடியாது. அதனால் ஒப்படைப்பதில் தவறில்லை. எதை ஒப்படைக்கிறோம் என்று தெரியாமல் ஒப்படைப்பதில்தான் ஆபத்து.

ஒரு வேலையை ஒப்படைக்கும்போது பார்க்க வேண்டிய ஐந்து 'சரி'களைச் செவிலியர் படிப்பில் சொல்லிக்கொடுப்பார்கள்: சரியான பணி, சரியான சூழல், சரியான நபர், சரியான வழிகாட்டுதல், சரியான மேற்பார்வை. முதல் நான்கும் ஓரளவு நடந்துவிடும். ஐந்தாவதுதான் காணாமல் போகும். கல்வியாண்டுத் தொடக்கத்தில் ஒரு பயிற்சி, ஒரு கையெழுத்து, அதோடு சரி. அந்த ஆசிரியர் ஊசியைக் கையில் எடுத்து மாதங்கள் ஆகியிருக்கும். அவருக்கு இன்னும் நினைவிருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இன்னொன்றும் அடிக்கடி மறந்துபோகிறது. ஒப்படைப்பு என்பது ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு, ஒரு குறிப்பிட்ட வேலையை, ஒரு குறிப்பிட்ட ஆளிடம் கொடுப்பது. ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கப் பழகியவர், அதே பழக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பையனுக்கும் கொடுக்கலாம் என்று ஆகிவிடாது. தனக்கு லீவு என்றால் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போகவும் முடியாது.

எந்த வேலையைக் கொடுக்கலாம் என்பதில் பொதுவாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: மாத்திரை என்றால் யாரும் கொடுக்கலாம், ஊசி என்றால் செவிலியர் மட்டும்தான். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள ஒரே பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அவளுக்கு இரண்டு ஊசிகள் இருக்கின்றன, சர்க்கரையை இறக்கும் இன்சுலினும் ஏற்றும் குளுக்ககானும். சர்க்கரை மிகவும் இறங்கி அவள் மயங்கிவிட்டால் போட வேண்டியது குளுக்ககான். அளவு எடைக்கேற்ப முன்பே எழுதப்பட்டிருக்கும். எப்போது போட வேண்டும் என்பதும் ஒரே வரி: மயங்கிவிட்டாள், விழுங்க முடியவில்லை, அல்லது வலிப்பு வருகிறது. போட்டபின் வாந்தி வரலாம் என்பதால் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இதைச் சாதாரண ஆட்களுக்கு நம்பிச் சொல்லிக்கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் செவிலியர் வரும்வரை அந்த மூளை காத்திருக்காது.

இன்சுலின் அப்படியல்ல. இப்போது சர்க்கரை எவ்வளவு, என்ன சாப்பிடப் போகிறாள், அதில் மாவுச்சத்து எவ்வளவு, அடுத்த பீரியட் விளையாட்டா, காலையில் காய்ச்சல் இருந்ததா என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் வழக்கமான இன்சுலினில் ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கிறது. இன்சுலின் சிரிஞ்சை விட்டுவிட்டுச் மில்லிக் கணக்கில் கோடு போட்ட சாதாரண சிரிஞ்சை எடுத்தால், தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளினாலும் அளவு பத்து மடங்காகிவிடும். சில இடங்களில் சட்டம் இதையும் பயிற்சி பெற்ற ஊழியரிடம் ஒப்படைக்க அனுமதிக்கிறது, சில இடங்களில் இல்லை. ஒரே நாட்டுக்குள்ளேயே மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அனுமதி இருக்கிறது என்பதற்காக எல்லாப் பிள்ளைக்கும் ஒப்படைத்துவிட முடியாது என்பது என் கருத்து. சர்க்கரை ஓரளவு நிலையாக இருக்கும், தானே கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஒருவர் போதும். தனக்குப் படபடக்கிறது என்றுகூடச் சொல்லத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தை விஷயத்தில் நான் சம்மதிக்க மாட்டேன்.

அப்படியானால் அந்தத் 'தேவைப்பட்டால்' சீட்டை என்ன செய்வது? திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. மருத்துவரிடமும் பெற்றோரிடமும் பேசி, அந்தச் சொல்லைக் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளங்களாக மாற்றி எழுத வேண்டும். 'வலிப்பு நீடித்தால்' என்று எழுதக் கூடாது. 'தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், 5 நிமிடம் தாண்டினால் மூக்கில் மருந்து அடித்துவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள்' என்று எழுத வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும் என்பதால்தான் கடிகாரம். 'சர்க்கரை குறைந்தால்' என்பதும் போதாது. '70-க்குக் கீழே இருந்து, பிள்ளை விழிப்பாக இருந்தால், எழுதியுள்ள அளவு குளுக்கோஸ் அல்லது ஜூஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை' என்று இருக்க வேண்டும். இதை எழுதும்போதே செவிலியர் தன் மதிப்பீட்டைச் செய்து முடித்துவிடுகிறார். அப்புறம் மற்றவர் செய்வது அந்த மதிப்பீட்டைப் பின்பற்றுவதுதான். தாளில் இல்லாத ஒன்று நடந்தால் அவர் யோசித்துக்கொண்டு நிற்காமல் போனை எடுக்க வேண்டும். யாரை அழைப்பது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

சரியான நபர் என்ற விஷயத்துக்கு வருகிறேன். தலைமையாசிரியர் ஒருவரை ஒதுக்கலாம். அவர் தயாராகிவிட்டாரா என்று சொல்ல வேண்டியது செவிலியர்தான். நடைமுறையில், அந்த நேரத்தில் வேலை இல்லாமல் இருப்பவரைக் காட்டி, "இவங்க பாத்துக்குவாங்க சிஸ்டர்" என்று முடித்துவிடுவார்கள். ஒரு பள்ளியில் பயிற்சியின்போது ஓர் ஆசிரியை, "சிஸ்டர், ஊசியப் பாத்தாலே கை நடுங்குது, என்னால முடியாது" என்றார். அங்கிருந்தவர்கள் ஒத்துழைக்கவில்லை என்று முகம் சுளித்தார்கள். எனக்கு அவர் மீது மரியாதைதான் வந்தது. மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் கொடுக்கும் வேலையை ஒப்படைப்பு என்று சொல்ல முடியாது.

வரம்பு செவிலியருக்கும் உண்டு. அம்மா போனில், "இன்னைக்கு ரெண்டு யூனிட் கூட்டிப் போடுங்க சிஸ்டர்" என்பார். பிள்ளையை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மருத்துவர் எழுதிய சீட்டில் அந்த மாற்றத்துக்கு இடம் இருந்தால்தான் என்னால் செய்ய முடியும். இதைச் சொன்னால் பல பெற்றோருக்குக் கோபம் வருகிறது. ஆண்டுத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் 'பெற்றோர் இத்தனை யூனிட் வரை மாற்றலாம்' என்று எழுதி வாங்கிவிட்டால் அந்தச் சண்டையே இல்லை.

கடைசியாகச் சுற்றுலா. திட்டம் எல்லாம் பள்ளிக் கட்டடத்துக்குள் சரியாக இருக்கும். பேருந்து ஏறியதும் கலைந்துவிடும். பயிற்சி பெற்றவர் வேறு பேருந்தில் இருப்பார். ஒவ்வாமைப் பிள்ளையின் அட்ரினலின் ஊசி அலுவலக அலமாரியில் பூட்டியிருக்கும். புறப்படும் முன்தினமே மூன்றைப் பாருங்கள்: அந்தப் பிள்ளைக்கென்று பயிற்சி பெற்றவர் அதே பேருந்தில் இருக்கிறாரா, மருந்து அவர் கைப்பையில் இருக்கிறதா, அது காலாவதி ஆகவில்லையா. பெற்றோராக இருந்தால், இந்த மூன்றையும் பள்ளியிடம் தயங்காமல் கேளுங்கள். அந்த ஆள் யார் என்று பெயர் சொல்லப் பள்ளியால் முடியவில்லை என்றால், தலைமையாசிரியரையும் செவிலியரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசிவிட்டு அனுப்புங்கள்.