கஞ்சி சரியில்லை என்றால் இரும்பு நுரையோடு போய்விடும்

பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்து இடாபிரைட் என்னும் இரும்புத் தாதுவில் ஹேமடைட் என்னும் இரும்புக் கனிமமும் குவார்ட்ஸ் என்னும் சிலிக்காவும் அடுக்கடுக்காகக் கலந்து கிடக்கும். பொடித்த தாதுவைத் தண்ணீரில் கலக்கி, காற்றுக்குமிழி விட்டு, ஒரு கனிமத்தை மட்டும் நுரையில் ஏற்றிப் பிரிப்பதுதான் நுரை மிதப்பு. அங்கே இந்த முறையில் இரும்பை மிதக்கவிடுவதில்லை; குவார்ட்ஸைத்தான் நுரையில் ஏற்றி வழித்தெடுக்கிறார்கள். அதை ஏற்றிவிடுவது ஈதர் அமீன் என்னும் வேதிப்பொருள். விட்டால் அமீன் ஹேமடைட்டையும் தூக்கிப் போய்விடும். அதை அடியிலேயே பிடித்து நிறுத்துவது மக்காச்சோள ஸ்டார்ச்சில் காய்ச்சிய கஞ்சி. ஹேமடைட் துகளின் மேல் படிந்து, காற்றுக்குமிழி ஒட்டவிடாமல் செய்துவிடும்.

இரும்பு மீட்பு குறைந்தால் எல்லோரும் தாதுவைத்தான் குறை சொல்கிறார்கள். முதலில் கஞ்சித் தொட்டியைப் பாருங்கள்.

ஆய்வக அளவு இது: 10 கிராம் ஸ்டார்ச்சை 50 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். துழாவிக்கொண்டே 10 சதவீத காஸ்டிக் சோடா கரைசல் 20 மில்லியை மெல்லிய தாரையாக விடுங்கள். பால் போல இருந்தது கண்ணாடி போலத் தெளிந்து, பசையாக இறுகும். அதுதான் பதம். இன்னும் 15 நிமிடம் துழாவி, ஒரு லிட்டராக்கினால் 1 சதவீதக் கரைசல். டன் தாதுவுக்கு 500 கிராம் ஸ்டார்ச் வேண்டுமென்றால், ஒரு கிலோ தாதுவுக்கு இதில் 50 மில்லி.

வெந்நீரில் மாவைக் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே பச்சையாக இருக்கும் கட்டிகள்தான் மிஞ்சும். காஸ்டிக் போதாவிட்டால் வேகாத மாவு அடியில் வெள்ளையாகப் படியும். நேற்றைய கஞ்சியை நுண்ணுயிர் தின்றிருக்கும், தினமும் புதிதாகக் காய்ச்சுங்கள். விலை மலிவென்று முளைக்கரு நீக்காத மக்காச்சோள மாவை வாங்காதீர்கள். அதிலுள்ள எண்ணெய் நுரையையே அமுக்கிவிடும்.

10 மைக்ரானுக்குக் கீழான சேற்றை முன்பே பிரித்துவிட வேண்டும். இல்லையேல் கஞ்சி, அமீன் இரண்டையும் அதுவே குடித்துவிடும். தாதுக் கலவையின் பி.எச். 10 முதல் 10.5 வரை இருக்க வேண்டும். முதலில் கஞ்சி விட்டு, 3 முதல் 5 நிமிடம் கலக்கிய பிறகே அமீன். வரிசை மாறினால் அமீன் முந்திக்கொண்டு ஹேமடைட்டில் உட்கார்ந்துவிடும்.

பயத்தில் கஞ்சியை அள்ளி ஊற்றுவதும் தவறு. நுண்துகள்கள் திரளும்போது குவார்ட்ஸும் நடுவே சிக்கி, பிரித்தெடுத்த இரும்புத் தாதுவில் சிலிக்கா ஏறும். மிஞ்சிய கஞ்சியைக் கண்டுபிடிக்க, மிதப்புத் தொட்டியின் நீரை வடிகட்டி அயோடின் விடுங்கள். நீலம் வந்தால் அளவு கூடிவிட்டது. காரத்தில் அயோடின் நிறம் காட்டாது என்பதால், முன்பே சில துளி அமிலம் விட்டுக்கொள்ளுங்கள்.

காஸ்டிக்கைக் கையாளும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். தாவரப் பொருள்தானே என்று கழிவுநீரை ஆற்றில் விடவும் கூடாது: கஞ்சி மக்கிவிடும், கூடவே போகும் அமீன் மீனைக் கொல்லும்.