வலைக்கண்ணில் நுழையும் மருந்து

"அம்மாவுக்குச் சிறுநீரில் கிருமி. கல்ச்சர் ரிப்போர்ட்டில் பத்து மருந்துக்கு நேராக 'ஆர்' என்று போட்டிருக்கிறது. இத்தனை மருந்து இருந்தும் ஏன் கேட்கவில்லை?" என்று தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கல்ச்சர் என்பது கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்கும் சோதனை. 'ஆர்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது. இவர் அம்மாவுக்கு வந்திருப்பது ஈ.கோலை என்ற பாக்டீரியா, கிராம்-நெகட்டிவ் வகை. 1884-ல் ஹான்ஸ் கிராம் கண்டுபிடித்த சாயச் சோதனையில் ஊதா நிறம் தங்காத கூட்டம். இவற்றுக்குச் செல் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வும் உண்டு. வான்கோமைசின் மாதிரி பெரிய மூலக்கூறுகள் அங்கேயே நின்றுவிடும். சின்னவை பலவற்றுக்குப் போரின் என்ற புரதக் குழாய்தான் வழி. நுழைந்தாலும் பம்புகள் பிடித்து வெளியே தள்ளும்.

சரி, அந்தக் குழாயில் எது நுழையும்? காசிமேட்டில் வலை பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொடி மீன் கண்ணில் வழுக்கிப் போய்விடும். நண்டை எடுக்கத்தான் நேரமாகும். மூட்டுக்கு மூட்டு மடங்குகிற கால் ஒவ்வொன்றும் ஒரு கண்ணில் மாட்டியிருக்கும். மூலக்கூறும் அப்படித்தான். 2017-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பால் ஹெர்கன்ரோதர் குழு நூற்றுக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை ஈ.கோலையிடம் கொடுத்து, உள்ளே எவ்வளவு சேர்கிறது என்று அளந்தது. தட்டையாக, விறைப்பாக இருந்தவை சேர்ந்தன. உருண்டு திரண்டவையும் தொளதொளத்தவையும் சேரவில்லை. கூடவே ஓர் அமீன், அதாவது நைட்ரஜன் உள்ள சின்ன வேதித் தொகுதி, வேண்டும். குழாயின் இடுக்கான பகுதியில் ஒரு பக்கம் எதிர்மின் அமினோ அமிலங்கள் இருக்கின்றன. நேர்மின் கொண்ட அமீன் அவற்றைப் பற்றிக்கொண்டே உள்ளே நழுவுகிறது. டிஆக்சிநைபோமைசின் என்ற மருந்து அதுவரை, ஊதா நிறம் தங்குகிற கிராம்-பாசிட்டிவ் கிருமிகளைத்தான் கொன்றது. அதில் ஓர் அமீனை ஒட்டினார்கள், ஈ.கோலையும் செத்தது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

உள்ளே போனால் மட்டும் போதாது. பல ஈ.கோலைகள் மருந்தையே உடைக்கும் நொதி வைத்திருக்கின்றன. அந்த நொதியை முடக்கும் என்மெட்டசோபாக்டம் நம் சென்னை நிறுவனமான ஆர்க்கிட் பார்மாவின் கண்டுபிடிப்பு. செஃபெபீம் என்ற ஆன்டிபயாடிக்குடன் சேர்த்து, சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கு 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆன்டிபயாடிக் மாதிரி சில நாள் மட்டும் எடுத்துக்கொள்ளும் மருந்தில் கம்பெனிகளுக்குப் பெரிய லாபம் இல்லை. அதனால் இந்த ஆராய்ச்சிக்கு அரசுதான் தாராளமாகப் பணம் கொடுக்க வேண்டும் என்பேன்.

வாசகிக்கு ஒன்று: ரிப்போர்ட்டில் 'எஸ்' என்று போட்ட மருந்தும் இருக்கிறதா பாருங்கள். அவைதான் கேட்கக்கூடியவை, டாக்டர் பெரும்பாலும் அதிலிருந்துதான் எடுப்பார். அதுவரை மெடிக்கலில் கேட்டு எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.