வால்வுல தசையே இல்ல, அப்புறம் எப்படி மூடுது?

ஹார்ட் வால்வுன்னா தானா சுருங்கி விரியற ஏதோ ஒரு தசைன்னுதான் நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க, ஆனா அதோட இதழ் வெறும் மெல்லிய சவ்வு, திறந்து மூட அதுக்குன்னு தனி பலம் எதுவும் கிடையாது. ரத்தம் பின்னாடி இருந்து தள்ளினா திறக்கும், முன்னாடி பிரஷர் ஜாஸ்தியாச்சுன்னா மூடிக்கும், அவ்ளோதான். இதையே ஒரு நாளைக்கு சுமார் 1 லட்சம் தடவை பண்ணுது.

ஸ்டெதஸ்கோப்ல கேக்கற லப்-டப் கூட இந்த மூடற அதிர்வுதான். கீழ் அறைகள் சுருங்க ஆரம்பிச்சதும் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்கற மைட்ரல் (இடது), ட்ரைகஸ்பிட் (வலது) வால்வுகள் மூடுதே அது லப், சுருங்கி முடிச்சப்புறம் கீழ் அறைகள்ல இருந்து ரத்தம் வெளியேற வாசல்ல இருக்கற அயோர்ட்டிக், பல்மனரி வால்வுகள் மூடறது டப்.

இதுல மைட்ரலோட பாடுதான் கஷ்டம். இடது கீழ் அறை சுருங்கும்போது பிரஷர் 120 வரைக்கும் போகும், அந்த அழுத்தத்துல இதழ் மேல் அறைக்குள்ள பிதுங்கிடாம இருக்கணும்ல, அதுக்கு கீழ இருந்து வெள்ளை வெள்ளையா நரம்பு மாதிரி கயிறுங்க இழுத்துப் பிடிச்சிட்டு இருக்கு. கயிறு அறுந்தா ரத்தம் திரும்பி மேல ஒழுகும், லப்புக்கு அப்புறம் உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும், மர்மர்னு டாக்டர் சொல்றது இது மாதிரி சத்தத்தைத்தான்.

சரி, பிபி 120/80ன்னு எழுதறாங்களே, எனக்கு இதுல பிடிச்சதே அந்த 80தான். ஹார்ட் ரிலாக்ஸ் ஆகும்போது இடது கீழ் அறைக்குள்ள பிரஷர் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துடும், அப்போ கையில மட்டும் எப்படி 80 நிக்குது? அயோர்ட்டிக் வால்வு மூடிக்கிட்டதால ரத்தம் திரும்ப முடியாது, ஹார்ட் தள்ளினப்போ உப்பின அயோர்ட்டா, அதாவது ஹார்ட்ல இருந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய், இப்போ சுருங்கி அதை முன்னாடி தள்ளிட்டே இருக்கு. வயசாக ஆக அந்த எலாஸ்டிக் தன்மை போய் குழாய் விறைச்சிடும், வயசானவங்களுக்கு மேல் நம்பர் மட்டும் ஏறறதுக்கு இது முக்கிய காரணம்.

ரத்தத்தை ஹார்ட்டுக்குத் திருப்பிக் கொண்டு வர்ற குழாயான சிரையிலயும் வால்வு உண்டு, இதை நீங்களே பாக்கலாம். கையை தொங்கப்போட்டு முன்னங்கையில நல்லா புடைச்ச சிரை ஒண்ணு மேல மணிக்கட்டு பக்கமா ஒரு விரலை அழுத்தி வச்சுக்கிட்டு, இன்னொரு விரலால ரத்தத்தை முழங்கை பக்கம் வழிச்சு விட்டுட்டு அந்த விரலை எடுங்க, மேல இருந்து ரத்தம் இறங்கி வரும், ஆனா ஒரு இடத்துல சின்ன முடிச்சு மாதிரி புடைச்சு நின்னுடும், அதுதான் வால்வு, அதுக்குக் கீழ சிரை காலியா அமுங்கியே கிடக்கும். கீழ் விரலை எடுத்தா சட்டுன்னு நிறையும். 1628ல இங்கிலாந்து டாக்டர் வில்லியம் ஹார்வி ரத்தம் சுத்தி வருதுன்னு நிரூபிக்க இதைத்தான் படம் போட்டுக் காட்டினாரு.

கால்ல இந்த வால்வு ரொம்ப முக்கியம், ஏன்னா நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரையைப் பிழிஞ்சு ரத்தத்தை மேல ஏத்துது, ஏறினது இறங்காம வால்வு பிடிச்சுக்குது. வால்வு தளர்ந்துட்டா ரத்தம் கீழயே தேங்கி சிரை சுருண்டு புடைக்கும், வெரிகோஸ்னு சொல்றது அதைத்தான், மணிக்கணக்கா அசையாம நின்னு வேலை பாக்கறவங்களுக்கு இது ஜாஸ்தி வர்றதும் அதனாலதான்.