ஸ்கிறீனிங்: சல்லடையா, கண்டறிதலா?

போன மாதம் அக்காவின் மருமகள் ஒரு தாளோடு வந்தாள். ஆறு வருடம் காத்திருந்து, உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கும் ஐவிஎஃப் சிகிச்சையில் தங்கிய கரு. பன்னிரண்டாம் வாரத்தில், பிள்ளைக்குக் குரோமோசோம் குறை இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் ஸ்கிறீனிங் செய்தார்கள். அதன் முடிவுக்குத் தமிழில் எழுதியிருந்த தலைப்பு: ‘குறைபாடு கண்டறியும் பரிசோதனை: நேர்மறை’. “நேர் எண்டால் நல்லதுதானே” என்று அக்கா நல்லூர்க் கோயிலுக்கு வெளிக்கிட்டுவிட்டார். மருமகள் ‘கண்டறியும்’ என்பதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் பிழையாகத்தான் விளங்கிக்கொண்டார்கள். ஆனால் பிழை தாளில்.

ஆங்கில ஸ்கிறீன் முதலில் அடுப்பு வெக்கையை மறைக்கும் தட்டி. அப்புறம் நிலக்கரி, சரளை சலிக்கும் பெரிய சல்லடைக்கும் அந்தப் பெயர் போயிற்று. மருத்துவச் சொல் இந்தச் சல்லடை வழி வந்தது. ‘திரையிடல்’ என்று எழுதுகிறவர்களை விட்டுவிடுவோம். அவர்கள் படம் காட்டட்டும்.

என் சண்டை ‘கண்டறிதலோடு’. கண்டு அறிந்துவிட்டால் விடயம் முடிந்தது. இந்தச் சோதனையோ எதையும் காண்பதில்லை. சிசுவின் பிடரியில் உள்ள நீர்த்தடிப்பை ஸ்கானில் அளந்து, தாயின் இரத்தத்தில் கர்ப்பத்தில் சுரக்கும் பாப்-ஏ, பீட்டா எச்சிஜி என்ற இரண்டு பொருள்களின் அளவையும் பார்த்து, வயதையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுகிறது. 150இல் 1 என்று வந்தால், அப்படி வந்த 150 பேரில் 149 பேரின் பிள்ளைக்கு அந்தக் குறை இல்லை. ஐவிஎஃப் கருவென்றால் இன்னும் கவனம் வேண்டும். பாப்-ஏ அளவு அங்கே குறைந்து வருவதுண்டு. அதைத் திருத்தாமல் கணக்கிட்டால் அபாயம் கூடிக் காட்டும். உறைய வைத்த கருவென்றால் முட்டை எடுத்த நாளின் வயது, தானமாகப் பெற்ற முட்டையென்றால் தந்தவரின் வயது போட வேண்டும். இவ்வளவு ‘என்றால்’ உள்ள ஒன்றுக்குக் ‘கண்டறிதல்’ என்று பெயரா? 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்துக் குரோமோசோமைப் பார்க்கிறார்களே, அதுதான் கண்டறிதல். பெயரை முதலாவதற்கே கொடுத்துவிட்டால் இதற்கு என்ன வைப்பது?

‘நேர்மறை’ தனிக் கொடுமை. தமிழில் ‘நேர்’ நல்ல சொல். ‘மேலும் பார்க்க வேண்டும்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சரி, வேறு சொல். ‘வடிகட்டல்’ வேண்டாம்; வடியில் தங்குவதை நாம் வீசுகிறோம். ‘சலிப்பு’ என்றால் அலுப்பு, ‘அரிப்பு’ என்றால் சொறி. ‘சல்லடைச் சோதனை’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அரிதட்டில் மா அரித்தவர்களுக்குத் தெரியும்: மேலே நிற்கிற கப்பியை யாரும் கொட்டுவதில்லை, திரும்ப உரலில் போட்டு இடித்து அரிப்பார்கள். அதில் பெரும்பகுதி மாவாகவே இறங்கும். ஸ்கிறீனிங் செய்வதும் அதுதான்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார். அதே ஊரில் இன்று ஒரு தாளை ஒழுங்காகத் தமிழாக்க ஆளில்லை. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறந்து முதற்சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். எழுதியதை ஒரு கர்ப்பிணிக்கு வாசித்துக் காட்டினாலே பாதிப் பிழை பிடிபடும்.

மருமகளின் தாளில் ‘நேர்மறை’யை வெட்டி, ‘சல்லடையில் நின்றது’ என்று பேனையால் எழுதிக் கொடுத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். “அப்ப திரும்ப இடிக்கவேணும்” என்றார்.